போலின் வீட்டு ஜன்னலும் என் மூங்கிலும்

1

மூங்கில் விதை நெல்லைப் போலவே இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பொதியைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டியதும் முதலில் வந்தது கோபம்தான். ஒல்லியாக, பழுப்பாக, நுனி கூராக, மேலே உமி போல ஒரு தோல். இது நெல்லு. யாரோ என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்.

பொதியில் ஒரு மூங்கில் காட்டின் படம் போட்டிருந்தார்கள். அந்தக் காடு முழுக்க நீல நிறம். இவர், என் புருஷன், அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ எங்கயாச்சும் நீல மூங்கில் கண்டிருக்கியா?"

"இல்ல. ஆனா நெல்லு கண்டிருக்கன்" என்றேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் எங்கள் வீட்டில் தறிதான் ஓடியது, வயல் இல்லை. என்றாலும் நெல்லைத் தெரியாத ஆள் அந்தக் கரையில் எவரும் இல்லை. சந்தேகத்தைத் தீர்க்கப் படம் எடுத்துத் தம்பி நியாஸுக்கு அனுப்பினேன். அவன் அட்டாளைச்சேனையில் பெண் எடுத்து, அங்கேயே குடிபோய், மாமனாரின் வயலைச் செய்கிறவன். பதில் குரலாக வந்தது.

"ராத்தா, இது நெல்லுத்தான். அதுவும் பழைய நெல்லு. மூங்கில் எண்டு சொல்லி வித்துப் போட்டானுகள். அவிச்சிக் குத்திக் கஞ்சி காச்சுங்க."

பின்னால் அவன் மனைவி சிரிப்பது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மணியைக் கடித்துப் பார்த்தேன். உள்ளே அரிசி மாதிரி ஒன்று இருந்தது. அரிசியின் ருசிதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு ருசியில்கூட என் நாக்கை நான் நம்புவதில்லை.

2

ஊரிலிருந்து வாசிக்கிற உங்களுக்கு, இவளுக்கு எதற்கு மூங்கில் என்று தோன்றும். சொல்கிறேன்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய நகரத்தில் இருக்கிறோம். ஒரே சுவரில் ஒட்டிக்கொண்ட வீடுகள். பின்னால் பாய் விரித்த அளவுக்கு ஒரு வளவு, அதில் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுவோம். பக்கத்து வீட்டில் போலின் என்ற பெண் தனியாக இருக்கிறா. எழுபது வயதைத் தாண்டியவ. அவவின் மேல்மாடி ஜன்னல் நேராக எங்கள் கொடியைப் பார்க்கிறது. நான் உடுப்பை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் அந்த ஜன்னலில் திரை கொஞ்சம் அசையும். காற்றாகவும் இருக்கலாம். ஆனால் இங்கே குளிருக்கு யாரும் ஜன்னல் திறந்து வைப்பதில்லை.

அதனால் ஒரு சட்டையை உதறிப் போடுவதற்கும் முக்காடு போட்டு, அதற்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். வேலியை உயர்த்தலாம் என்றால் இவ்வளவுக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று நகரசபையின் சட்டம். மரத்துக்கு அந்தச் சட்டம் இல்லையாம். மூங்கில் கெதியாக வளரும், சுவர் மாதிரி நிற்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு இவர் சொன்னார். வளர்ந்த மூங்கில் விலைக்குக் கிட்டப் போக முடியவில்லை. விதை என்றால் ஒரு தேநீரின் விலை.

வைத்தியசாலைக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் இடத்தில் வேலை எனக்கு. என்னோடு நிற்கிற பெண்களில் ஒருத்தி போலந்துக்காரி, ஒருத்தி எரித்திரியாக்காரி. எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு ஐம்பது ஆங்கிலச் சொற்கள் இருக்கும். சூடு, ஈரம், கெதியா, இடைவேளை, முதுகு வலி. அந்த ஐம்பதைக் கொண்டு எட்டு மணித்தியாலம் கதைக்கலாம். அதைத் தாண்டினால் என் மகள் ஷிபா வேண்டும். ஆறு வயதிலிருந்து அவள்தான் எனக்கு வாய். இப்போது பதினேழு. என்னோடு தமிழில் கதைக்கத் தொடங்கி, பாதியில் ஆங்கிலத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற வயது.

3

நெல்லோ மூங்கிலோ, வாங்கியதை எறிய மனமில்லாமல் ஊறப்போட்டேன். ஓர் இரவு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கிடந்தது. பிறகு நாற்றுத் தட்டில் மண் நிரப்பி, விதைகளைப் படுக்க வைத்து, மேலே மெல்லிசாக மண் தூவி, கண்ணாடி மூடி போட்டுக் குசினி ஜன்னலில் ஹீட்டருக்கு மேலே வைத்தேன். நெல்லு என்ற நினைப்பு மனதில் இருந்ததாலோ என்னவோ, தண்ணீரைத் தாராளமாக விட்டேன். பத்து நாளில் தட்டில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தது. விதை அழுகி நாறியது.

ஷிபா மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனாள். "உம்மா, இட் ஸ்மெல்ஸ் லைக் டெத்" என்றாள். அதை அவள் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

நல்ல வேளையாக, பொதியை நம்பாததால் பாதியை ஒளித்து வைத்திருந்தேன். இரண்டாம் முறை மண்ணோடு கொஞ்சம் மணலைக் கலந்து, தண்ணீரை ஊற்றாமல் தெளித்து, காலையில் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தேன். மூன்றாம் வாரம் மண்ணிலிருந்து ஊசி மாதிரிப் பச்சையாக ஒன்று வந்தது. பிறகு இன்னும் சில. ஊசி விரிந்து இலையானது. பார்த்தால் அசல் நாற்றுமேடைதான்.

நியாஸுக்கு வீடியோ அழைப்பு எடுத்துக் காட்டினேன். நெல்லாக இல்லாவிட்டால் கோழிச்சூடனாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். வயலுக்குள் நெல்லைப் போலவே வேஷம் போட்டு வளர்கிற களை அது. திடீரென்று கதையை நிறுத்தினான்.

"ராத்தா, போனக் கிட்டக் கொண்டு போங்க. இலை தொடங்கிற இடத்தக் காட்டுங்க."

காட்டினேன்.

"இலைக்குக் காம்பு இரிக்கு. நெல்லுக்கு இப்படிக் காம்பு வராது. கோழிச்சூடனுக்கும் வராது. இது வேற என்னமோ."

"மூங்கிலா?"

"மூங்கிலா எண்டு எனக்கென்ன தெரியும்? ஆனா நெல்லு இல்ல."

அன்றுதான் முதல் முறையாக அந்தக் கன்றுகளை மரியாதையாகப் பார்த்தேன். இரண்டாவதாக வந்த குருத்து முதல் குருத்தைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. மூன்றாவது அதைவிடத் தடிப்பு. புல் அப்படிச் செய்யாது.

4

எங்கள் வாப்பா யாரையும் நம்பாதவர். ஊரில் எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவே கதியால் கம்பு நட்டுக் கிடுகு கட்டிய வேலி. மருதமுனையில் காணி எவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சாணுக்கு வழக்குப் பேசிய குடும்பங்கள் இருக்கின்றன. வாப்பா ஜும்மா முடிந்து வந்ததும் முதலில் வேலி ஓரமாக நடந்து, கதியால் ஒன்றாவது இந்தப் பக்கம் தள்ளி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு உட்காருவார். பக்கத்து வீட்டுக்காரரும் அதே பள்ளிவாசலிலிருந்து வந்து, அதே வேலியை மறுபக்கத்தில் நின்று பார்ப்பார். இருவரும் ஸலாம் சொல்லிக்கொள்வார்கள். வேலி எங்கும் போகவில்லை. சுனாமியாகக் கடல் வந்த வருஷம்தான் அது போனது, இரண்டு பக்கத்துக்கும் ஒரேயடியாக.

அவர் மகளாகிய எனக்கும் சாடிகளுக்குக் கன்றை மாற்றும் நேரத்தில் சந்தேகம் பிடித்தது. இந்த நாட்டில் மூங்கில் வைக்கலாமா? ஏதாவது சட்டம் இருந்து மாட்டிக்கொண்டால்? ஷிபாவிடம் நகரசபைக்குப் போன் பண்ணிக் கேட்கச் சொன்னேன். பாட்டுப் போட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். கடைசியில் ஒரு பெண் வந்தா. ஷிபா ஒரு கேள்வி கேட்டாள். அந்தப் பெண் கதைத்தா, கதைத்தா, கதைத்துக்கொண்டே இருந்தா. ஷிபா "ஓகே, ஓகே" என்றாள். போனை வைத்தாள்.

"என்ன சொன்னா?"

"பிரச்சினை இல்லையாம்."

"இவ்வளவு நேரமும் அத மட்டுமா சொன்னா?"

"ஓம்" என்று படி ஏறிப் போய்விட்டாள்.

எனக்கு அது சரிப்படவில்லை. ஆனால் கேட்க வேறு வாய் இல்லையே.

5

வெயில் காலம் தொடங்கியதும் சாடிகளை வெளியே வேலியோரம் வரிசையாக வைத்தேன். எல்லாம் முழங்கால் உயரம். இரண்டாம் நாளே போலின் வேலிக்கு மேலால் தலையை நீட்டிப் பார்த்தா. மூன்றாம் நாள் போனைப் பிடித்துப் படம் எடுத்தா. என்னைக் கண்டதும் போனை இறக்கி, வானிலை நல்லது என்றா. வானிலை நல்லதாக இருக்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை நான் உடுப்புக் காயப்போடுகையில் வேலியில் தட்டிக் கூப்பிட்டா. ஷிபாவைக் கூட்டிவரும்படி கையால் காட்டினா. ஷிபா வந்து நின்றதும் போலின் தொடங்கினா. சத்தம் போடவில்லை. ஆனால் கழுத்தெல்லாம் சிவந்து போயிருந்தது. வேகமாகக் கதைத்தா. எனக்கு முக்கால்வாசி ஓடிப்போனது. பிடிபட்டவை சில சொற்கள். பாம்பூ. வீடு. சுவர். விற்க. பிறகு ஒரு சொல், சொலிசிட்டர்.

விசாவுக்காக அலைந்த காலத்தில் நான் முதலில் படித்த ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று. வக்கீல் என்று அர்த்தம்.

"என்ன சொல்றா?" என்றேன்.

ஷிபா என் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னாள்: "கன்று வடிவா வளருதாம். என்ன கன்று எண்டு கேக்கிறா."

நான் மகளைப் பார்த்தேன். போலினைப் பார்த்தேன். கன்று வடிவாக வளர்கிறது என்று சொல்ல ஒருவருக்குச் சொலிசிட்டர் எதற்கு?

"அவக்குச் சொல்லு" என்றேன். "அவட ஜன்னலச் சாத்தி வெச்சா நான் மூங்கில் வளக்கத் தேவையில்ல. என்னைப் படம் எடுக்கவும் வேணாம் எண்டு சொல்லு."

ஷிபா போலினிடம் திரும்பி மெதுவாக ஏதோ சொன்னாள். அதில் "தேங்க்யூ" இருந்தது. "சொரி"யும் இருந்தது.

நான் தேங்க்யூ சொல்லவில்லை. சொரியும் சொல்லவில்லை.

போலினின் முகம் சற்று இளகியது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனா. ஷிபாவும் வீட்டுக்குள் நழுவப் பார்த்தாள். நான் ஈரச் சட்டையைக் கூடைக்குள் போட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் போனேன்.

6

குசினியில் அவளை மறித்தேன்.

"உண்மையச் சொல்லு. அவ சொலிசிட்டர் எண்டு சொன்னா."

"உம்மா, விடுங்க."

"நான் சொல்லாத தேங்க்யூவ நீ எங்கிருந்து எடுத்தா?"

அவள் கதிரையை இழுத்தாள். அதில் உட்கார்ந்து, நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவ வீடு விக்கப் போறா. மகன் இரிக்கிற ஊருக்குப் போகப் போறா. மூங்கில் வேர் ஓடி வந்து சுவர உடைக்குமாம். பக்கத்து ஊட்ட மூங்கில் இருந்தா ஆக்கள் ஊடு வாங்கப் பயப்பிடுவாங்களாம். சொலிசிட்டரப் பாக்கப் போறன் எண்டு சொன்னா."

"அது மட்டுமா?"

"இல்ல." குரல் தணிந்தது. "வாப்பாட கூட்டாளி மாரி காலத்தில வந்து அவக்கிட்ட ஊடு விக்கிறயா எண்டு கேட்டிரிக்கார். அவ நினைக்கா, நாமதான் ஆள அனுப்பினோம் எண்டு. மூங்கில வளத்து ஊட்ட விலைய இறக்கி, மலிவா எடுக்கப் போறோமாம்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் வியப்புத்தான் வந்தது. வேலியைப் பற்றி இப்படிச் சுற்றி வளைத்து யோசிக்கிற ஆள் எங்கள் ஊரில் மட்டும்தான் பிறக்கும் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"நகரசபைப் பொம்பிளை?"

"ஓடுற மூங்கிலும் இரிக்காம், ஒரே இடத்தில கொத்தா நிக்கிற மூங்கிலும் இரிக்காம். எது எண்டு தெரியாம மண்ணுல நட வேணாமாம். வேர் அடுத்த வளவுக்குப் போனா நாமதான் பொறுப்பாம். பக்கத்து ஊட்டுக்காரரோட கதைச்சிப் போட்டு வைக்கச் சொன்னா."

"இதத்தான் பிரச்சினை இல்ல எண்டு சொன்னியா?"

அப்போது அவள் அழத் தொடங்கினாள். தமிழ் அவள் வாயில் உடைந்து உடைந்து வந்தது, ஆனால் ஆங்கிலத்துக்குள் போகவில்லை.

"நீங்க சொல்றத நான் அப்படியே அவங்களுக்குச் சொன்னா, அவங்க சொல்றத அப்படியே உங்களுக்குச் சொன்னா, நாம இந்தத் தெருவுல இரிக்கவே ஏலாது உம்மா. ரெண்டு பக்கமும் கோவம் வராம நான்தான் மாத்தி மாத்திச் சொல்றன். சின்னதுல இருந்து இதத்தான் செய்றன். எனக்குக் களைச்சிப் போச்சி."

நான் அடுப்பை அணைத்தேன். டாக்டர் சொன்னது, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொன்னது, விசாக் கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் சொன்னது எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றன. இத்தனை வருஷமும் இந்த நாடு என்னோடு கதைத்த கதை என்று நான் நினைத்திருந்தது ஒரு சின்னப் பிள்ளை இட்டுக்கட்டிய கதையா? எதை நம்புவது? நம்பாமலும் என்ன செய்வது?

"பள்ளிக்கூடத்தில டீச்சர் உன்னப் பத்திச் சொன்னதெல்லாம்?" என்று மட்டும் கேட்டேன்.

மூக்கை உறிஞ்சினாள். "அதுல கொஞ்சம் கூட்டிச் சொன்னன்."

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவரிடம் சொல்லாமலே புறப்பட்டேன். இவரிடம் சொன்னால், கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு போய் விளக்கம் சொல்வார். அதைவிட வேறு வினை வேண்டாம். நல்ல சாடியாக ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, முன் வாசலால் சுற்றிப் போய்ப் போலினின் கதவைத் தட்டினேன். ஷிபா ஓடி வந்து பின்னால் நின்றாள்.

"நீங்க சும்மா நில்லுங்க மகள்" என்றேன். "நான் கதைக்கன்."

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. போலினின் கண் முதலில் என்னையும், பிறகு சாடியையும் பார்த்தது. சாடியைக் கண்டதும் கதவு இன்னும் கொஞ்சம் ஒடுங்கியது. அன்பளிப்பாகக் கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பா.

முழு ராத்திரியும் மனதுக்குள் கட்டி வைத்திருந்த ஆங்கிலத்தை எடுத்தேன். தமிழில் எழுதினால் அது இப்படித்தான் இருந்திருக்கும்: "இது மூங்கில். ஓடுறதா, நிக்கிறதா, எனக்குத் தெரியாது. மண்ணில் போட மாட்டேன். சாடி மட்டும். உன் வீடு எனக்கு வேண்டாம். என் புருஷனுக்கும் வேண்டாம். கூட்டாளி முட்டாள். உன் ஜன்னல், நான் உடுப்புப் போடும்போது, எனக்கு வெட்கம்."

வெட்கம் என்பதற்கு நான் போட்ட சொல் பிழை என்று பிறகுதான் தெரிந்தது. என் உடுப்பைப் பார்த்து நீ வெட்கப்பட வேண்டும் என்பது போல அது விழுந்ததாம். அந்த நேரம் அது தெரியாமல், சாடியை இரண்டு கையாலும் தூக்கி அடியைக் காட்டினேன். ஓட்டைகளால் வேர் எதுவும் வெளியே வந்திருக்கவில்லை.

போலின் சங்கிலியைக் கழற்றினா. வாசற்படியில் இறங்கி, குனிந்து, சாடியின் அடியை விரலால் தடவிப் பார்த்தா. நான் சொன்னதை அவ ஏற்றுக்கொள்ளவில்லை, தன் விரலைத்தான் நம்பினா. பிறகு நிமிர்ந்து, நீளமாகக் கதைத்தா. ஜன்னலைக் கைகாட்டினா. தன் முழங்காலைத் தட்டிக் காட்டினா. என் ஐம்பது சொற்களும் முடிந்துவிட்டன. திரும்பி மகளைப் பார்த்தேன்.

ஷிபா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உள்ளபடி சொல்லவா உம்மா, நல்லபடி சொல்லவா?"

"உள்ளபடி."

மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "அவ உங்கள நம்பல்லயாம். நாம வந்த நாள்ல இருந்தே நம்பல்லயாம். அந்த ஜன்னல்ல அவ இரிக்கிறது முழங்கால் ஏலாம, அடிக்கடி படி இறங்க ஏலாம. பாக்க வேற ஒண்டும் இல்லாம பாக்கிறாவாம். உங்கட உடுப்ப ஒருக்காலும் பாக்கலியாம். அது பொய் எண்டு நினைக்கன்." கடைசி வசனம் அவளுடையது. "ஊடு விக்கும் மட்டும் மாசத்துக்கு ஒருக்கா வந்து எல்லாச் சாடியையும் தூக்கிப் பாப்பாவாம். நீங்க நேர வந்ததால சொலிசிட்டர இப்ப பாக்க மாட்டாவாம். இப்ப மட்டும்."

போலின் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றா. தான் சொன்னது எந்த உருவத்தில் எனக்கு வந்து சேர்ந்தது என்று அவவுக்கும் சந்தேகம் இருந்திருக்கும்.

"அவக்குச் சொல்லுங்க" என்றேன். "நானும் அவவ நம்பல்ல. ஆனா வந்து தூக்கிப் பாக்கட்டும். முழங்கால் ஏலாட்டி நான் தூக்கிக் காட்டுறன்."

"உள்ளபடியா?"

"ஓம். ஒரு சொல்லும் மாத்த வேணாம்."

ஷிபா சொன்னாள். சொல்லி முடித்ததும், அடி விழப்போகிறது என்பது போலத் தோளைச் சுருக்கிக்கொண்டாள். போலின் சாடியை இன்னொரு முறை பார்த்தா. பிறகு "ஃபெயார் எனஃப்", நியாயம்தான் என்றுவிட்டுக் கதவைச் சாத்தினா. சங்கிலி மாட்டுகிற சத்தம் கேட்டது. ஷிபா நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எதிர் வீட்டில் ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு போலின் சொன்னபடியே இரண்டு முறை வந்துவிட்டா. நான் ஒவ்வொரு சாடியாகத் தூக்க, அவ குனிந்து பார்க்கிறா. தேநீர் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றா. மூங்கில் ஓடுகிற வகையா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. மூன்று நான்கு வருஷம் போனால்தான் தெரியுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சாடியை இறக்கி வைத்துவிட்டுச் சோறு போட்டேன். ஷிபா சாப்பிடவில்லை. பீங்கானில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"உம்மா, முந்தி மாத்திச் சொன்னதையும் உள்ளபடி சொல்லவா?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க மகள்."

தன் ஏழு வயதில், பல் வைத்தியர் என்னைப் பற்றிச் சொன்ன ஒன்றிலிருந்து அவள் தொடங்கினாள்.